குவைத்காரர் வயல்

"குவைத்காரர் வயல்ல தண்ணியை விடுவாங்கன்னா நினைக்கிற? நம்ம வீட்டுக்குள்ளதான் விடுவாங்க" என்றார் வைரக்கண்ணு.

அவர் மனைவி காத்தாயி மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தாள். ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மண்ணியாறு கரை விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடியது. இடது கரைக்குக் கீழே அவர்களுடைய தெரு, இருநூறு வீடு. வலது கரைக்குக் கீழே பத்து ஏக்கர் சம்பா, கதிர் வரப்போகிற பயிர். குவைத்தில் வேலை பார்க்கும் ஒருவர் போன வருஷம் புரோக்கர் மூலம் வாங்கிய நிலம் அது. வெளியூர் ஆள் ஒருவர் வந்து விவசாயத்தைப் பார்த்துக்கொண்டார். சொந்தக்காரரை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

வலது கரையை வெட்டிவிட்டால் தெரு தப்பிக்கும். வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, தாசில்தார் பரணிதரன் பாலத்தருகே பொக்லைனை நிறுத்திவைத்துக் காத்திருந்தார். அவர் காத்திருந்தது இன்ஜினியர் ஜெனிட்டாவின் ஒரு வார்த்தைக்காக.

அணைகள், நீர்மின் நிலையங்கள், வெள்ள எச்சரிக்கை எல்லாவற்றையும் கவனிக்கும் மத்திய நீர்வளத் துறையில் ஜெனிட்டாவுக்கு வேலை. ஐதராபாத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. விடிந்ததிலிருந்து நனைந்தபடி பாலத்தூணில் தண்ணீர் அளவைப் பார்ப்பதும், ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் அளவு நிலையங்களை ஒயர்லெஸ்ஸில் கூப்பிடுவதுமாக இருந்தார்.

"மேடம், தண்ணி இதோட வடிஞ்சிடுமா, இன்னும் ஏறுமா?" என்றார் தாசில்தார். "வடியும்னு நீங்க சொன்னா நான் கரையைத் தொடவே மாட்டேன். அநியாயமா பயிரை அழிச்சேன்னு நாளைக்குக் கேஸ் போட்டுடுவாங்க."

"மேல இருந்து கடைசி அளவு வரணும் சார். கொஞ்சம் பொறுங்க."

அப்போது ஜெனிட்டாவின் செல்போன் அடித்தது. எண்ணைப் பார்த்தவர் கொஞ்சம் தள்ளிப் போனார். வைரக்கண்ணுவும் பின்னாலேயே போய்க் காது கொடுத்தார்.

"சொல்லுங்க... ஆமாங்க, வயல் பக்கம்தான் வெட்டணும்னு பேசுறாங்க. உங்க ஆள் சொன்னது சரிதான்."

குவைத்காரர்தான். வந்து ஒரு மாதமே ஆன இந்த அம்மாவின் நம்பரைக்கூடப் பிடித்துவிட்டாரே என்று வைரக்கண்ணு இன்னும் நெருங்கிப் போனார்.

"தெரியும்ங்க. அந்த வெயில்ல நின்னு சம்பாதிச்சதுன்னு எனக்குத் தெரியாதா?... இல்லங்க, அப்படிச் சொல்ல முடியாது... வடிஞ்சிடும்னு நான் ஒரு வார்த்தை சொன்னா தாசில்தார் நம்பித் திரும்பிப் போயிடுவார். அப்படி நம்புறாங்கங்கிறதாலதான் மாத்திச் சொல்லக் கூடாது."

எதிர்முனையில் குரல் உயர்ந்தது வைரக்கண்ணுவுக்கே கேட்டது. வார்த்தைதான் புரியவில்லை.

"கோபப்படுங்க, பரவாயில்லை. ஆனா அந்தத் தெருவுல குழந்தைங்க இருக்காங்க" என்று சொல்லிப் போனை வைத்தார் ஜெனிட்டா.

ஒயர்லெஸ் கரகரத்தது. அளவைக் கேட்டு, கணக்குப் போட்டு, இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுத் தாசில்தாரிடம் வந்தார்.

"இன்னும் ஒன்றரை அடி ஏறும் சார். தெருப் பக்கக் கரை அரை அடிகூடத் தாங்காது."

"உறுதியாவா மேடம்?"

"கையெழுத்துப் போட்டே தர்றேன். வெட்டச் சொல்லுங்க."

பொக்லைன் வலது கரையில் இறங்கியது. இரண்டாள் அகலத்துக்கு வாய் திறந்ததும் ஆறு வயலுக்குள் சரிந்தது. பச்சைப் பயிர் வரப்பு வரப்பாக முழுகியது. எல்லோரும் தெருவைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஜெனிட்டா மட்டும் வயலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர் சொன்னபடியே மேலேயிருந்து தண்ணீர் வந்தது. வந்ததெல்லாம் வயல் பக்கம் போனது. சாயங்காலம் மழை விட்டபோது தெருவில் அடுப்பு புகைந்தது.

வைரக்கண்ணு தயங்கியபடி ஜெனிட்டாவிடம் வந்தார்.

"இன்ஜினியரம்மா, காலையில உங்களைத் தப்பா நினைச்சிட்டேன். நீங்க மட்டும் பயந்திருந்தா இந்நேரம் நாங்க கூரை மேல உக்காந்திருப்போம்."

"என் வேலையைத்தானே செஞ்சேன்."

"அந்தக் குவைத்காரருக்கு ஒரு போன் போட்டுத் தர்றீங்களா? கோபத்துல உங்க மேல மேலிடத்துல புகார் கிகார் குடுத்துடப் போறார். நாங்க ஒரு வார்த்தை பேசிடுறோம்."

ஜெனிட்டா எண்ணை அழுத்திப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் அளவைப் பார்க்கப் பாலத்துக்கு நடந்தார்.

"ஐயா, வணக்கம்ங்க. கீழத்தெரு வைரக்கண்ணு பேசுறேன். உங்க பயிர் போனதுல எங்களுக்கும் வயித்தெரிச்சல்தான். தண்ணி வடிஞ்சதும் தெருவே இறங்கி உங்க வயல்ல மண்ணை அள்ளிடுறோம், நட்டும் தர்றோம். கூலி வேண்டாம். அந்த இன்ஜினியரம்மா மேல மட்டும் கோபப்படாதீங்க. அவங்க நியாயத்தைத்தான் சொன்னாங்க."

எதிர்முனையில் ஒரு குரல் சொன்னது:

"அவ சொன்னது சரிதாங்க, நான்தான் கத்திட்டேன். எனக்கு ஒரு உதவி பண்ணுங்க, என் பொண்டாட்டி காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டாளான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."