படிகத்தின் பெற்றோர்

"குப்பிய இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் புடிம்மா. போட்டோல என் மூஞ்சியும் வரணும்ல," என்றார் பேராசிரியர் டத்தோ ரம்லி.

ஹஸ்னிதா தூக்கிப் பிடித்தாள். குப்பியின் அடியில் வெளிர்மஞ்சள் படிகங்கள், ஊசி ஊசியாக.

ஆல்டிஹைடு ஒன்றையும் அமீன் ஒன்றையும் சேர்த்து அவள் உண்டாக்கிய புதிய இமீனுக்கான குப்பி அது. இரண்டு வருடமாக உள்ளே வெறும் பிசின்தான். தைப்பிங்கில் மழை விடாமல் அடித்த இந்த வாரத்தில்தான் படிகம் விளைந்தது.

படிகமாக இருந்தால்தான் எக்ஸ்ரே கருவியில் வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று பார்க்க முடியும். பார்த்தால்தான் கட்டுரை. கட்டுரை வந்தால்தான் அவளுக்கு முனைவர் பட்டம்.

பிசினாக இருந்தவரை அது ஹஸ்னிதாவின் இமீன். இன்று காலையிலிருந்து 'நம்' இமீன்.

துறைத்தலைவர் வந்தார். ஆய்வகத்துக்கு ஏர்கண்டிஷனர் தரமுடியாது என்று கையெழுத்துப் போட்டவர். பல்கலைக்கழகத் துணை முதல்வர் வந்தார். போன வருடம் கழிப்பறை என்று நினைத்து இந்த அறைக் கதவைத் திறந்தவர். இருவரின் அரும்பங்களிப்பையும் பாராட்டிக் கட்டுரையில் பெயர் சேர்க்கப்பட்டது.

"புரோஃப், காலையில ஒரு ஊசிய எடுத்துக் கருவியில வச்சுப் பாத்தேன். அதுல வந்து..."

"எல்லாம் அப்புறம் பேசிக்கலாம் லா. கறிபாப் ஆறிடும்."

கறிபாப் பலகாரத் தட்டு ஒரு சுற்று வந்தது. அவள் மறுபடி வாயெடுத்தாள். டத்தோ அதற்குள் உரையாற்றத் தொடங்கியிருந்தார். உலகமே இந்த இமீனுக்காகத்தான் காத்திருந்ததாம். கைதட்டல் அடங்கும்வரை ஹஸ்னிதா பொறுத்திருந்தாள்.

"அப்படின்னா கட்டுரையில இருந்து என் பேர எடுத்துடுங்க, புரோஃப்."

டத்தோவின் கண்கள் கலங்கின.

"பாத்துக்குங்க எல்லாரும். தன்னடக்கம்னா இதான்!" என்றார். காலியான இடத்தில் தன் மருமகன் பெயரைப் போடச் சொல்லிவிட்டு, இன்னொரு கறிபாப் எடுத்துக்கொண்டார்.

ஹஸ்னிதா கருவி அறைக்குப் போனாள். திரையில் காலையில் வந்த முடிவு அப்படியே நின்றிருந்தது.

இமீன் என்றால் கட்டாயம் இருக்கவேண்டிய நைட்ரஜன் ஒரு அணுகூட இல்லை. மழை ஈரம் புகுந்து இமீனைப் பழையபடி இரண்டாகப் பிரித்துவிட்டது. ஆல்டிஹைடு மட்டும் தனியே படிகமாகியிருந்தது.

அந்த ஆல்டிஹைடின் பெயர் வனிலின். கேக்கில் வாசனைக்குப் போடுவது. பேராசிரியர்கள் யாரும் கண்டுபிடிக்கத் தேவையில்லாமல் மளிகைக்கடையிலேயே கிடைக்கும்.