சுவரொட்டியில் சிரித்தவள்

கைநழுவிப் போன பெண்கள் ஓட்டை மீட்கக் கட்சிச் செயலாளர் கண்டுபிடித்த மருந்து ஒரு சுவரொட்டி. பழைய மாநாட்டுப் படத்தில் முன்வரிசையில் சிரித்த யாரோ ஒரு பெண்ணின் முகம். கீழே, ‘உன் குரலே எங்கள் குரல்’.

பசை காய்வதற்குள் ஒரு அம்மாள் அதை நகத்தால் பக்குவமாக உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, எதிர்க்கட்சி அனுப்பிச்சுதா?” என்றார் செயலாளர்.

“இல்லீங்கய்யா. இது என் மக. அவ சிரிச்ச படம் வீட்டுல ஒண்ணுகூட இல்ல.”

செயலாளருக்கு வாயெல்லாம் பல். “அட, அவளையே மேடையேத்திடுவோம். கூட்டிட்டு வாம்மா.”

“உங்க ஆளு கையைப் பிடிச்சு இழுத்தான்னு உங்ககிட்டதான்யா சொல்ல வந்தா. தேர்தல் முடியறவரைக்கும் வாயைத் திறக்காதேன்னீங்க.”

“அப்புறம்?”

“திறக்கலைங்கய்யா. அன்னைக்கே உசுரை மாய்ச்சுக்கிட்டா. இது கிழியாம வரணும். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”