மனிதன் இறங்காத சாக்கடை

சாக்கடைக்குள் இனி மனிதன் இறங்க வேண்டியதில்லை என்று பேசிவிட்டு அமைச்சர் பொத்தானை அழுத்தினார். இயந்திரக் கை குழிக்குள் போய் ஒரு வாளி மண்ணை அள்ளி வந்தது. நாற்றமே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். விடியற்காலையில் அதே குழிக்குள் கழுத்தளவு மலத்தில் நின்று சுத்தம் செய்து, ஆற்று மணலைக் கொட்டி வைத்த ஏகாம்பரமும் தட்டினார். அவருக்குச் சால்வை போர்த்தும்போது அமைச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கார்கள் போனதும் கம்பெனி இன்ஜினியர் இயந்திரத்தை லாரியில் ஏற்றினான். “நீங்களும் ஏறுங்கண்ணே. அடுத்த வார்டுல பதினோரு மணிக்கு விழா. அந்தக் குழியையும் முடிச்சிடணும்.”

“மெஷினே எறங்கட்டுமே, தம்பி.”

“அந்த அழுக்குல எறங்குனா கெட்டுப்போயிடும்ண்ணே. வெளிநாட்டுச் சாமான்.”

ஏகாம்பரம் ஓரமாகப் போய்க் காறித் துப்பினார். லாரி ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை. மறுபடியும் அடித்தது.