வாய்த்துடுக்கு

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எதையும் வாலில் ஆரம்பித்துத் தலையில் முடிப்பவள் நான். புகார் கொடுத்ததிலிருந்தே சொல்கிறேன்.

"அந்த மிஷின்காரர் என்னைக் கேவலப்படுத்துறார் சார்" என்று மேனேஜரிடம் அழுதேன்.

எங்களுடையது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடம். நான் போர்வை மடிப்பவள். அவர் நீராவி இஸ்திரி மிஷினை ஓட்டுபவர்.

"என்ன சொல்றார்?"

"'மகாராணி, தூங்கியாச்சா?'ங்கிறார். 'ஆமை அக்கா, இன்னும் முதல் போர்வைதானா?'ங்கிறார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. எல்லாரும் சிரிக்கிறாங்க."

மறுநாளே அவரை லாரியில் மூட்டை ஏற்ற அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். வாயே திறக்காதவள். அப்பாடா என்றிருந்தது.

ஒரு மணி நேரம்தான். உஸ்ஸென்று மிஷின் நீராவியைக் கக்கியது. மறு நொடி நான் மேசைக்கடியில் கிடந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன், பழைய வேலையிடத்தில் நீராவிக் குழாய் வெடித்தது. பக்கத்தில் நின்றவள் வெந்துபோனாள். எனக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு என் பேச்சைக் கேட்காது. சொன்னால் இந்த வேலையும் போய்விடும் என்று மூச்சுவிடவில்லை. இங்கே சேர்ந்த அன்று ஒரு தடவை இப்படி ஆனது. தோடு விழுந்துவிட்டது என்று அந்த மிஷின்காரரிடம் சமாளித்தேன். அப்புறம் வரவே இல்லை. சரியாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

புதியவள் குனிந்து பார்த்தாள்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. மிஷின்காரர் சொல்லித்தான் அனுப்பினார். நீராவியைத் திறக்கிறதுக்கு முன்னாடி உங்களை வம்புக்கு இழுக்கணுமாம். திரும்பி முறைச்சுட்டீங்கன்னா பயப்பட மாட்டீங்களாம்."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"கேட்டேன். 'அவங்க மூடி வச்சிருக்கிறதை நான் ஏன் திறக்கணும்?'னார். எனக்குத்தான் மூத்தவங்களைத் திட்ட வாய் வரலை."

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

"அவரை மிஷினுக்கே திருப்பிப் போடுங்க சார்."

"விளையாடுறீங்களா? 'என் வாய் அப்படித்தான் சார்'னு அவரே ஒத்துக்கிட்டார். இப்ப என்ன திடீர்னு?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எனக்கு அந்தச் சத்தம்னா பயம் சார். அவர் திட்டினாத்தான் என்னால நிக்க முடியுது."