அரசாங்கச் சப்பாத்து

பக்கத்து வீட்டு தினுஷாவின் மகள், அரசாங்கம் கொடுத்த கூப்பனில் வாங்கிய சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கும்போதெல்லாம் இன்பமலருக்கு வயிறு எரியும். அந்தப் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வருவது இன்னும் எரிச்சல். தன் மகள் படிக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில் கூப்பன் கிடையாது.

வலயக் கல்விப் பணிமனைக்கு அலைந்து கடிதம் வாங்கி, பாலையூற்றில் தினுஷாவின் மகள் படிக்கும் சின்னப் பள்ளிக்கூடத்திலேயே மகளைச் சேர்த்தாள்.

“சேர், இவளுக்கும் சப்பாத்துக் கூப்பன் தருவீங்கள்தானே?”

பள்ளிக்கூட அதிபர் பெருமூச்சு விட்டார். “இனி ஏலாது அம்மா. இருநூற்றைம்பது பிள்ளையளுக்குக் குறைஞ்ச பள்ளிக்கூடங்களுக்குத்தான் அது. உங்கட மகளோட சரியா இருநூற்றைம்பது.”

“அப்ப தினுஷாட மகளுக்கு?”

“இனி ஒருத்தருக்கும் இல்லை.”

“ஐயோ பாவம்” என்றாள் இன்பமலர். இரண்டு வருடமாக எரிந்த வயிறு அன்றைக்குத்தான் குளிர்ந்தது.