சிங்கப்பூரில் ஒரு சுக்கா கடை

கொடைக்கானல் பஜாரில் மத்தியானமும் பனி மூடிக் கிடந்தது. ஷம்ஷாத்தின் கடையில் சுக்காவை ஒரு வாய் வைத்ததும் ரோகிணி, "இதே ருசி எங்க சிங்கப்பூர்லயும் இருக்குக்கா," என்றாள். ஞாயிறுதோறும் அந்தத் தீவில் புதுப்புதுக் கடையாகத் தேடிச் சாப்பிடுகிறவள் அவள்.

ஷம்ஷாத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

"இருக்காது. தணல்ல சுட்ட மலைப்பூண்டை அரைச்சுப் போடுறது நானும் என் வீட்டுக்காரரும் மட்டுந்தான். அவரு மவுத்தாகி மண்ணுக்குள்ள போயி மூணு வருசமாச்சு. எந்தப் பய களவாண்டான், காட்டுங்க."

ரோகிணி போனில் அந்தச் சிங்கப்பூர்க் கடையின் போட்டோவைக் காட்டினாள். சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் முதுகு காட்டி நின்றவர் மட்டும் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தார். அதன் வலது முழங்கையில் சிவப்பு நூல் தையல் இருந்தது. பச்சை நூல் தீர்ந்துபோன ஒருநாள் ஷம்ஷாத் போட்ட தையல் அது.

வீட்டுக்காரரின் அந்த ஸ்வெட்டர் மூன்று வருடமாகக் கடைச் சுவரின் ஆணியில் தொங்குகிறது. போய் எடுத்தாள். அக்குள் இரண்டும் வேர்வையில் நனைந்திருந்தன.

அதை வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கினாள்.

"நான் இங்க ஒத்தையில அடுப்போட மல்லுக்கட்டுறேன். நீங்க அங்க போயி கடை போட்டிருக்கீங்க. துவைக்கிறதுக்கு மட்டும் நான் வேணுமாக்கும்."