பேட்டரியைக் குடித்தது யார்?

"பேட்டரி கெடக்கட்டும். மொதல்ல பதில் சொல்லும் பாய்!"

காசிராஜன் போட்ட சத்தத்தில் தாராவி முக்கில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. சலாவுதீனின் பேட்டரி சார்ஜ் கடையில் நல்ல கூட்டம்.

"வாரம் பூரா வரவேண்டிய சார்ஜ், ரெண்டு நாள்ல எப்படிவே தீரும்? அரைகுறையா ஏத்திட்டு ஏமாத்துதீரு. சோர்!"

திருடன் என்றதும் சலாவுதீனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வார்த்தையை அளந்து பேசுங்க அண்ணாச்சி. இப்பத்தான் முழுசா ஏத்தி எறக்குனேன்."

காசிராஜன் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. மின்சாரம் எட்டிப் பார்க்காத அவர்கள் சந்தில் ரேடியோ இருப்பது அவர் வீட்டில் மட்டும்தான். சாயங்காலச் செய்திக்கு ஆண்கள் அத்தனை பேரும் அவர் வாசலில் கூடுவார்கள். சந்துக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர் வேறு. முந்தாநாள் செய்தியின் நடுவே ரேடியோ முனகி அடங்கிப் போக, பக்கத்து வீட்டுப் பிரம்மநாயகம் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சலாவுதீன் கண்ணாடிக் குழாயில் ஆசிடை உறிஞ்சிக் காட்டினார். முழு சார்ஜுக்கு அடையாளமாக உள்ளே மிதவை மேலேயே நின்றது.

"இந்தக் கண்கட்டு வித்தை எல்லாம் எங்கிட்ட வேண்டாம்!"

"சரி, மோட்டார் வண்டி பல்பை இதுல மாட்டுதேன். உக்காந்து பாருங்க. சாயங்காலத்துக்கு முன்னால மங்கிச்சுன்னா கடையைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிருதேன்."

காசிராஜன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. இப்போது அணையும், இப்போது அணையும் என்று பல்பை முறைத்தே கண் வலித்ததுதான் மிச்சம். பொழுது சாயும்போதுதான் அது சிவந்து அடங்கியது.

"பேட்டரி முழுசு. இப்போ சொல்லுங்க அண்ணாச்சி, யாரு சோர்?"

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் அவருக்கு. பேட்டரியை மறுபடி ஏற்றச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். அப்படியென்றால் வீட்டில் எவனோ கை வைத்திருக்கிறான்!

ரேடியோவை நகர்த்தினார். அதன் பின்னால், பேட்டரி வைக்கும் இடத்திலிருந்து புது வயர் ஒன்று தகரச் சுவரின் ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது.

"என் கரண்டையா திருடுதிய? கையை முறிக்கேன்!"

வயரைப் பிடித்துக்கொண்டே கூரையோரமாகப் போனார். பிரம்மநாயகம் வீடாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்தார். வயர் அவன் வீட்டைத் தாண்டியது. ஆண்கள் போகாத குறுக்குச் சந்தில் திரும்பியது. பெண்கள் கக்கூஸின் வாசலில் போய் முடிந்தது. அங்கே ஒரு குட்டி பல்பு எரியாமல் தொங்கியது.

இருட்டத் தொடங்கிய சந்தில் பெண்கள் உள்ளே போகப் பயந்து கூட்டமாக நின்றார்கள். முன்னால் நின்றவள் அவர் மனைவி தங்கமயில்.

"யாருட்டி இதைப் போட்டது?"

"நான்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா தந்திருப்பியளா?" தங்கமயிலின் குரல் இவ்வளவு உயர்ந்து அவர் கேட்டதே இல்லை. "போன மாசம் இந்த இருட்டுல நம்ம சந்துக் கனகவள்ளி கையை எவனோ பிடிச்சு இழுத்தான். நீங்க சங்கத்தைக் கூட்டி, இருட்டுனா பொம்பளைங்க வெளிய போகக்கூடாதுன்னு தீர்மானம் போட்டிய. நாங்களும் எங்க வயித்துகிட்ட அந்தத் தீர்மானத்தைச் சொல்லிப் பார்த்தோம். கேக்க மாட்டேங்கு!"